மியூனிக்கில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

கணவரின் தம்பிக்கு மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, ஐந்து வயது மகள் என்று மூன்று பேராகவே கோவையிலிருந்து கிளம்புகிறார்கள். விசா கைக்கு வந்த அன்று இரவே போன். "அண்ணி, அங்கே எந்த ஏரியா நல்ல ஏரியா? ரெண்டு மூணு ஏரியா பேர் சொல்லுங்க, இப்பவே பார்க்க ஆரம்பிக்கிறேன்."

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலைக்காக இந்த ஊருக்கு வரும் நம் ஆட்கள் பலருக்கும் இதே கேள்விதான்.

முதலில் அந்த "நல்ல ஏரியா" கணக்கை விட்டுவிட வேண்டும். ஊரில் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, மழைக்கு ரோடு தாங்குமா, இரவு ஒன்பது மணிக்கு மேல் பயமில்லாமல் வரலாமா என்று விசாரிப்போம். இங்கே அதெல்லாம் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்க்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, அப்படியே பிடித்துக் குடிக்கலாம். ஜெர்மனியின் பெரிய நகரங்களிலேயே பாதுகாப்பானவற்றில் ஒன்று என்று பெயர் எடுத்த ஊர். ஆக, நல்லது கெட்டது என்று பிரிக்க இங்கே பெரிதாக எதுவும் இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

கொழுந்தனாருக்கு ஆபீஸ் வடக்கே, ஆம் ஹார்ட் ஸ்டேஷன் பக்கம். பி.எம்.டபிள்யூவின் ஆராய்ச்சி மையம் இருக்கிற வட்டாரம். ஊ-பானில், அதாவது மெட்ரோ ரயிலில், ஊ2 கோடு அந்த வழியாகப் போகிறது. குழந்தை அடுத்த செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. அவருடைய மனைவி முதல் ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் ஜெர்மன் படிக்கப் போகிறாள். இந்த மூன்று விஷயங்களில் முதலாவதை மட்டும் வைத்து வீடு தேடுகிறார்கள் எல்லோரும். நாங்களும் அப்படித்தான் தேடினோம்.

நாங்கள் வந்தது ஒரு நவம்பர் மாதம். கணவருக்குத் தென்கிழக்கே நொய்பெர்லாக்கில் ஆபீஸ். அவசரத்துக்குக் கிடைத்த வீடு வடக்கே ஃப்ரைசிங்கில். ஃபர்னிச்சரோடு, ஐந்து மாதத்துக்கு. ஃப்ரைசிங் அழகான ஊர், குன்றின் மேல் கதீட்ரல், பழைய தெருக்கள் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் வீடு ஊர்க் கோடியில் இருந்தது. அவர் காலை ஏழுக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வருவார். நாலரைக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் நிறுத்துமிடம், அதற்கு அப்பால் வயல், வயல் மேல் பனி. மதியம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி நிற்பார், "க்ரூஸ் காட்" என்று வணக்கம் சொல்வார், நானும் திருப்பிச் சொல்வேன். சில நாட்கள் வீட்டுக்கு வெளியே நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். நான்கு வயது மகள் "அம்மா, இங்க வேற பாப்பாவே இல்லையா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு இது புரிந்தது. ஆபீஸ் போகிறவர் அந்த ஏரியாவில் தூங்கத்தான் போகிறார். பகல் முழுக்க அங்கே வாழப்போவது வீட்டில் இருப்பவரும் குழந்தையும். அவர்களுக்குப் பொருந்துகிற இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஆபீஸுக்கு ரயில் எப்படி என்று பார்க்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும்.

சரி, ரயிலை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இது தெரியாமல் மேப்பில் தூரம் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மியூனிக்கில் எஸ்-பான், ஊ-பான் என்று இரண்டு உண்டு. எஸ்-பான் புறநகர் ரயில். அதன் கோடுகள் கிட்டத்தட்ட எல்லாமே நகரத்துக்கு நடுவே ஒரே சுரங்கம் வழியாகப் போகின்றன. ஷ்டாம்ஷ்ட்ரெக்கே என்பார்கள். 1972 ஒலிம்பிக்ஸுக்காகத் திறந்த இரண்டு தண்டவாளப் பாதை அது. உள்ளே ஒரு வண்டி பழுதாகி நின்றால் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எல்லாமே தாமதம். இரண்டாவது சுரங்கத்துக்கு 2017ல் வேலை தொடங்கினார்கள், முடிய 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும் என்கிறார்கள். ஊ-பான் கோடுகள் எல்லாம் அப்படி ஒரே சுரங்கத்தை நம்பி இல்லை, பகலில் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. எஸ்-பான் பொதுவாக இருபது நிமிடத்துக்கு ஒன்று. மேப்பில் இரண்டும் ஒரே மாதிரி கலர் கோடுதான், ஆனால் கைக்குழந்தையோடு மைனஸ் ஐந்து டிகிரியில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அதனால் என் முதல் விதி, ஊ-பான் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. அது கிடைக்காவிட்டால்தான் எஸ்-பான்.

இனி இடங்களுக்கு வருவோம்.

கொழுந்தனார் முதலில் கேட்டது ஷ்வாபிங். எல்லோரும் கேட்பதுதான். பழைய கட்டடங்கள், உயரமான கூரை, மரத்தரை, நடந்தால் எங்லிஷர் கார்டன். அந்தப் பூங்கா மூன்றரை சதுர கிலோமீட்டருக்கும் மேல். வாடகை அதற்கேற்ற மாதிரி இருக்கும். பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சின்னக் குழந்தையோடு புதிதாக வரும் நம் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, நான்காவது மாடிக்கு மளிகையும் தள்ளுவண்டியும் தூக்க வேண்டும். அப்புறம் மரத்தரை. காலை ஆறரைக்கு மிக்ஸியில் தேங்காய் சட்னி அரைத்தால் கீழ் வீட்டுப் படுக்கையறையில் அது முழுசாகக் கேட்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது என்பது இங்கே வெறும் மரியாதை அல்ல, விதி. கான்கிரீட் கட்டடத்தில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். மிக்ஸிக்கு அடியில் தடிமனான துண்டை மடித்து வைத்தால் மீதியும் குறையும், இது அனுபவத்தில் சொல்வது.

பாசிங், கீசிங் இரண்டும் அவருடைய பட்டியலில் இருந்தன. பாசிங் 1938 வரை தனி ஊராக இருந்தது, இன்றும் அந்தக் களை இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம், ஆனால் மேற்குக் கோடி. அங்கிருந்து ஆம் ஹார்ட் போக முதலில் எஸ்-பானில் சுரங்கத்துப் பக்கம் வந்தாக வேண்டும். கீசிங்குக்கு ஊ2 நேராகவே போகிறது, அந்த வகையில் பொருந்தும். மூன்று அறை வீடு அங்கே கிடைத்தால் போய்ப் பார்க்கலாம்.

ஆபீஸுக்குப் பக்கத்திலேயே என்றால் மில்பெர்ட்ஸ்ஹோஃபன், ஆம் ஹார்ட். நடந்தே ஆபீஸ் போய்விடலாம். மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் பத்து நிமிடத்தில் அப்பா அங்கே நிற்க முடியும், அது சின்ன விஷயம் அல்ல. பெரிய சாலைகள் நடுவே ஓடுகின்றன, தொழிற்சாலைப் பக்கத்து வட்டாரம், பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு மூன்று ஸ்டேஷன் வடக்கே போனால் ஹாசன்பெர்கல். 1960களில் கட்டிய குடியிருப்பு, "அங்கேயா?" என்று பழைய மியூனிக்காரர்கள் முகம் சுளிக்கும் பெயர். அங்கே குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். கட்டடங்களுக்கு நடுவே பெரிய மரங்களும் புல்வெளியும், மாலை ஆனால் குழந்தைகளும். முகச்சுளிப்புக்குக் காரணம் என்னவென்று எனக்கு இதுவரை தெரியவில்லை. ஏரியாவின் பெயர் முப்பது வருஷம் பின்தங்கியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே பக்கத்தில் ஒலிம்பியாடார்ஃப். 1972ல் விளையாட்டு வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பு. கார்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் போகும், மேலே நடப்பவர்களும் குழந்தைகளும் மட்டும். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக அடுத்த கட்டடத்துக்கு விளையாட அனுப்பலாம். அந்த ஒலிம்பிக்ஸில் இஸ்ரேல் வீரர்கள் தாக்கப்பட்ட வீடும் இங்கேதான், வாசலில் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. கடந்து போகும்போது நின்று படிப்பேன். ஆபீஸுக்கு சைக்கிளில் கால் மணி நேரம். குறை ஒன்றே ஒன்று, வந்தவர்கள் எளிதில் காலி செய்வதில்லை. வாடகைக்கு விளம்பரம் வருவதே அபூர்வம். வந்தால் மறுயோசனை வேண்டாம், உடனே எழுதுங்கள்.

நொய்பெர்லாக்கைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது, ஏனென்றால் ஃப்ரைசிங்குக்குப் பிறகு நாங்கள் குடிவந்த இடம் அதுதான். 1967ல் கட்டத் தொடங்கிய பெரிய கான்கிரீட் நகர். வெளியிலிருந்து பார்த்தால் மனதுக்கு ஒட்டாது. உள்ளே போனால் அறைகள் பெரியவை, பால்கனி உண்டு, லிஃப்ட் உண்டு. ஊ5 ஸ்டேஷன் மேலே ஏறினால் பெப் என்கிற மால், பக்கத்திலேயே ஓஸ்ட்பார்க். நடைபாதைகளையும் கார் சாலைகளையும் தனித்தனியே பிரித்திருப்பதால் மகள் இரண்டாம் வகுப்பிலிருந்தே தனியாகப் பள்ளிக்குப் போனாள். எங்கள் மாடியில் நான்கு வீடுகள், நான்கு மொழிகள். எதிர் வீட்டு துருக்கிக்கார அம்மா முதல் வாரமே கதவைத் தட்டி ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தார். ஃப்ரைசிங்கில் ஐந்து மாதம் பேசாத பேச்சை அன்று ஒரு மணி நேரத்தில் பேசினேன், பாதி சைகையில். கொழுந்தனாருக்கு இங்கிருந்து ஆபீஸ் போக ஊ5ல் இன்ஸ்ப்ருக்கர் ரிங் வந்து, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் ஊ2 ஏற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும்.

அதைவிட அவருக்குப் பொருந்துவது மெஸ்ஸெஷ்டாட் ரீம் என்று நினைக்கிறேன். ஊ2வின் கிழக்குக் கோடி. 1992 மே மாதம் வரை மியூனிக்கின் விமான நிலையம் இருந்த நிலம் அது. விமானங்கள் வடக்கே புது நிலையத்துக்குப் போன பிறகு, ஓடுபாதை கிடந்த இடத்தில் கண்காட்சி வளாகமும் வீடுகளும் பெரிய பூங்காவும் வந்தன. பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னும் நிற்கிறது. கட்டடங்கள் புதியவை, அதனால் சுவரில் ஈரம், ஜன்னலில் காற்று என்ற புலம்பல் குறைவு. பூங்காவுக்குள் ஏரி, ஜூலையில் பாதி மெஸ்ஸெஷ்டாட் அந்த ஏரிக்குள்தான் இருக்கும். ஊ-பான் வாசலிலேயே மால். பள்ளி, கின்டர்கார்டன் எல்லாம் நடக்கிற தூரம்.

போன சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அங்கே போய் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற வில்லி பிராண்ட் சதுக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன், இவர்களுக்காகவே. குளிர்தான். ஆனாலும் ஸ்கூட்டர் ஓட்டும் குழந்தைகள், பெஞ்சில் தெர்மாஸ் ஃப்ளாஸ்கோடு அம்மாக்கள். மலையாளம் கேட்டது, அரபி கேட்டது, என்ன மொழியென்று தெரியாத ஒன்றும் கேட்டது. ஜெர்மன் தெரியாமல் வந்து இறங்கும் ஒரு பெண் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் யாராவது பேசிவிடுவார்கள். எனக்கு அது போதும்.

குறையும் சொல்ல வேண்டும். கோடியில் இருப்பதால் எங்கே போனாலும் அரை மணி நேரம். ஆம் ஹார்ட்டுக்கு ஊ2ல் வண்டி மாறாமல் சுமார் 35 நிமிடம், உட்கார்ந்தே போகலாம், ஏனென்றால் வண்டி கிளம்புவதே அங்கிருந்துதான். கண்காட்சி நாட்களில் மட்டும் கதை வேறு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் பௌமா மாதிரி பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஊ2ல் கால் வைக்க இடம் இருக்காது. மரங்கள் இன்னும் இளசு, சமவெளிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

கொழுந்தனாருக்கு மிகவும் பிடித்திருப்பது உன்டர்ஷ்லைஸ்ஹைம். கூட வேலை செய்யப்போகிறவர் யாரோ சொல்லியிருக்கிறார். நகரத்துக்கு வெளியே தனி ஊர், அமைதி, ஏரி, சின்னத் தோட்டத்தோடு வீடு கிடைத்தாலும் கிடைக்கும். ஆபீஸுக்கு எஸ்1ல் ஃபெல்ட்மோகிங் வந்து ஊ2 மாறினால் சீக்கிரம் போய்விடலாம், நகரத்துச் சுரங்கத்துக்குள் நுழையவே வேண்டாம். கணக்குப்படி நல்ல தேர்வுதான். ஆனால் எஸ்1 இருபது நிமிடத்துக்கு ஒன்று, வெளியூர் ரயில்களோடு ஒரே தண்டவாளத்தைப் பங்கு போடுகிறது, சுரங்கத்தில் ஏற்படும் தாமதத்தையும் சுமந்துகொண்டுதான் வரும். அதே எஸ்1 நொய்ஃபார்னில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி ஃப்ரைசிங்குக்கு, மறு பாதி விமான நிலையத்துக்கு. அறிவிப்பு புரியாமல் நான் மகளோடு தவறான பாதியில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் விமான நிலையத்தில் இறங்கி நின்றிருக்கிறேன். வெளியே பனி, கையில் தூங்கும் குழந்தை. உன்டர்ஷ்லைஸ்ஹைம் பிரியும் இடத்துக்கு முன்பே வந்துவிடுகிறது, அந்தப் பயம் அங்கே இல்லை. என் பயம் வேறு. ஜெர்மன் வகுப்புக்கும், இட்லி அரிசிக்கும், கறிவேப்பிலைக்கும் கொழுந்தனாரின் மனைவி நகரத்துக்குத்தான் வர வேண்டும். நம் மளிகைக் கடைகள் பெரும்பாலும் மத்திய ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஷில்லர்ஷ்ட்ராஸே பக்கம் இருக்கின்றன. கடைகள் இரவு எட்டுக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். அமைதியான ஊர் என்பது வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவருக்கு வரம். பகல் முழுக்க அங்கேயே இருப்பவருக்கு அப்படியா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

பள்ளி விஷயத்தை நான் ரயிலுக்கும் மேலே வைப்பேன். பவேரியாவில் தொடக்கப் பள்ளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, வீட்டு முகவரிதான் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பள்ளி என்று எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு பல நாட்கள் மதியம் பன்னிரண்டுக்கு முன்பே விட்டுவிடும். அதற்குப் பிறகு குழந்தை எங்கே இருக்கும் என்பதுதான் பெற்றோரின் தலைவலி. 2026 ஆகஸ்டிலிருந்து ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படி உரிமை. உரிமை வேறு, இடம் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, அங்கே மதியத்துக்குப் பிறகு இடம் இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். பதில் எழுதுவார்கள். நான்காம் வகுப்பு முடிந்து கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போக ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றிலும் சேர்த்து சராசரி 2.33க்குள் இருக்க வேண்டும், இங்கே எண் குறைந்தால்தான் நல்ல மார்க். அதனால் குழந்தை சீக்கிரம் ஜெர்மன் பேசுவது முக்கியம். கூட விளையாடும் குழந்தைகள் இருக்கிற ஏரியாவில் அது தானாக நடக்கும்.

வாடகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏரியாவுக்கு ஏரியா நாம் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை, எல்லாப் பக்கமும் அதிகம்தான். மாநகராட்சியின் 2025 வாடகைப் பட்டியலில் சராசரி சதுர மீட்டருக்கு 15.38 யூரோ, ஹீட்டிங், தண்ணீர் எதுவும் சேராமல். முன்பே குடியிருப்பவர்களின் ஒப்பந்தங்களும் அதில் அடக்கம். புதிதாக வரும் விளம்பரங்களில் 20 யூரோவுக்கு மேல்தான் பார்க்கிறேன். 75 சதுர மீட்டர் என்றால் 1,500 யூரோவைத் தாண்டும், அதற்கு மேல் ஹீட்டிங் முதலான செலவு, கரன்ட் தனி. "மூன்று அறை" என்று போட்டிருந்தால் நம் கணக்கில் 2 பி.எச்.கே. டெபாசிட் அந்த அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் சுவரும் குழாயும்தான், அடுப்பும் அலமாரியும் பழைய குடியிருப்பவரிடம் விலைக்கு வாங்க வேண்டும். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடிதான்.

கோவையிலிருந்தே நிரந்தர வீடு பிடித்துவிட முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். வீட்டுக்காரர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஷூஃபா என்கிற கடன் நாணயச் சான்று கேட்பார்கள். இரண்டும் வந்த அன்றே யாரிடமும் இருக்காது. எனவே முதல் மூன்று நான்கு மாதம் ஃபர்னிச்சரோடு ஒரு தற்காலிக வீடு. ஆனால் அதையும் ஊ2 கோட்டிலேயே பாருங்கள், நகரத்துக்குள். முகவரிப் பதிவு செய்ய வீட்டுக்காரரின் சான்று கொடுப்பார்களா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், வங்கி முதல் பள்ளி வரை எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும்.

ஆக என் வரிசை இது. முதலில் மெஸ்ஸெஷ்டாட் ரீம். அடுத்து ஆம் ஹார்ட், மில்பெர்ட்ஸ்ஹோஃபன், ஹாசன்பெர்கல் வரைக்கும் ஊ2வின் வடக்குப் பாதி. ஒலிம்பியாடார்ஃபில் அதிர்ஷ்டம் அடித்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது. உன்டர்ஷ்லைஸ்ஹைம் மூன்றாவது.

இதைக் கேட்டுவிட்டு, "35 நிமிஷம் ரயிலா அண்ணி, ஆபீஸ் பக்கமே பார்த்தா என்ன?" என்றார். போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கர் இல்லாமல் அரை மணி நேரம் பேசினோம். நான் எடுத்த போட்டோக்களை அனுப்பினேன், சதுக்கம், ஏரி, பெஞ்ச், பள்ளி வாசல். ஹாசன்பெர்கல் புல்வெளியையும் அனுப்பினேன். மறுநாள் காலை அவளிடமிருந்து பதில் வந்தது: "அக்கா, ரீம் ஸ்டேஷன்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும் நடக்கிற வழியை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. மழை பெய்யுற அன்னைக்கு எடுங்க."

நாளைக்கு மழை என்று போட்டிருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.